அண்ணனுக்கு ஒன்று, எனக்கு இரண்டு

எங்கள் குடும்பத்தில் 25 ஆண்டுகளாகத் தீராத ஒரு வழக்கு உண்டு. சொத்துத் தகராறு இல்லை, அரசியலும் இல்லை. ‘சுய்கோடென்’ என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டில் முதல் பாகம் சிறந்ததா, இரண்டாம் பாகம் சிறந்ததா என்பதுதான் வழக்கு. அண்ணன் முதல் பாகத்தின் கட்சி, நான் இரண்டாம் பாகத்தின் கட்சி. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார், நான் கிள்ளானில். தீபாவளிக்கு அவர் வந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு எப்படியாவது பேச்சு அங்கே போய் நிற்கும். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

2025 மார்ச் 6ஆம் தேதி இரண்டு பாகங்களும் படத்தெளிவு கூட்டப்பட்டு ஒரே தொகுப்பாக மறுபடியும் வெளிவந்தன. என் மகளுக்கு வயது 13. பள்ளி விடுமுறையில் அவளை உட்கார வைத்து இரண்டையும் வரிசையாக ஆட வைத்தேன். நடுவர் ஒருவர் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது சுட்டுத் தள்ளும் விளையாட்டு இல்லை. ஒரு கதைக்குள் நாயகனாக நுழைந்து, ஊர் ஊராகப் போய், ஆள்களோடு பேசி, முறை வைத்துச் சண்டை போட்டு, பல மணி நேரம் கழித்து ஒரு முடிவுக்கு வருவோம். கொனாமி நிறுவனத்துக்காக யோஷிடகா முராயாமா என்பவர் எழுதி இயக்கியது. முதல் பாகம் 1995 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. இரண்டாவது, சரியாக மூன்று ஆண்டு கழித்து 1998 டிசம்பரில். இரண்டுமே முதல் பிளேஸ்டேஷனுக்காகச் செய்யப்பட்டவை.

பெயரைச் சொன்னால் நம் சீன நண்பர்களுக்கு உடனே புரியும். சீனத்தின் பழம்பெரும் நாவல்களில் ஒன்றான ‘சுய் ஹூ சுவான்’ பெயரின் ஜப்பானிய உச்சரிப்புதான் சுய்கோடென். ஊழல் அதிகாரிகளால் விரட்டப்பட்ட 108 பேர் நீர்ச்சதுப்பு சூழ்ந்த லியாங்ஷான் மலையில் கூடி அரசை எதிர்க்கும் கதை. 36 வான் நட்சத்திரங்கள், 72 மண் நட்சத்திரங்கள், ஆக 108. முராயாமா எடுத்துக்கொண்டது அந்த எண்ணையும், ஒதுங்கி வந்தவர்கள் ஒன்று சேர்ந்து ஊராவது என்ற எண்ணத்தையும்தான். மற்றபடி கதை அவருடையது.

எங்கள் வீட்டுக்கு முதல் பாகம் வந்தது 1998இல். பசார் மாலாமில் ஐந்து ரிங்கிட்டுக்கு விற்ற நகல் வட்டு. அன்றைக்கு எங்கள் தாமானில் அசல் வட்டைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு 12, அண்ணனுக்கு 17. தோட்டத்தை வீடமைப்புக்கு எடுத்துக்கொண்டு எங்களை வெளியே அனுப்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

முதல் பாகத்தில் ஓர் ஏரி நடுவில் பாழடைந்த கோட்டை கிடைக்கும். அதற்குப் பெயர் வைக்கச் சொல்வார்கள். அண்ணன் யோசிக்கவே இல்லை. தோட்டத்தின் பெயரை அடித்தார். அப்புறம் ஒவ்வொருவராக ஆள் சேர்க்க வேண்டும். வீரர்கள் மட்டும் இல்லை. சமையல்காரர் வருவார், கொல்லர் வருவார், விடுதி நடத்தும் அம்மா வருவார். குளியலறை கட்டித் தருகிறேன் என்று ஒருவர், மின்தூக்கி போட்டுத் தருகிறேன் என்று இன்னொருவர், பகடை உருட்டிக் காசு பிடுங்கும் மீனவர் ஒருவர். காலியாகக் கிடந்த கல்லறை மாதிரியான இடத்தில் விளக்கு எரியும், கடை திறக்கும், பேச்சுச் சத்தம் கேட்கும். லயம் மாதிரியே இருக்கிறது என்று அண்ணன் சொன்னார். அதற்கப்புறம் எங்களுக்கு 108 பேரையும் சேர்ப்பது ஒரு வெறியாகிவிட்டது.

இனி கதையைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது. விளையாடப் போகிறவர்கள் மன்னிக்கவும். கடைசி முடிச்சை மட்டும் அவிழ்க்க மாட்டேன்.

முதல் பாகத்தின் நாயகன் பேரரசின் பெரிய தளபதி டியோ மெக்டோலின் மகன். அவனுடைய நண்பன் டெட், தன் கையில் இருந்த ஒரு சாப முத்திரையை அவனிடம் ஒப்படைக்கிறான். ஆன்மா தின்னி என்று அதற்குப் பெயர். அதை வைத்திருப்பவனுக்கு நெருக்கமானவர்களின் உயிரை அது எடுத்துக்கொள்ளும். அரசவை மந்திரவாதி விண்டி அந்த முத்திரைக்காகத் துரத்த, பையன் ஓடிப்போய்க் கலகப்படையில் சேர்ந்து, பிறகு அதன் தலைவனாகிறான். எதிரே நிற்பவர் அப்பா.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரரசின் தளபதிகளில் சிலர் செய்யும் கொடுமைகளுக்குப் பின்னால் விண்டியின் மந்திரம் இருக்கிறது. குவாண்டா என்ற தளபதி காட்டு மக்களை எரிக்கிறார், பிறகு பார்த்தால் அவர் கையில் கட்டுப்படுத்தும் முத்திரை. மில்லிச் என்பவர், நாயகனைச் சிறு வயதிலிருந்து வளர்த்த கிரெமியோ சாகக் காரணமாகிறார். அவருக்கும் அதே முத்திரைதான். அதை உடைத்ததும், “நானா இதைச் செய்தேன்” என்று விழிக்கிறார். அவரை மன்னித்துச் சேர்த்துக்கொண்டால்தான் 108 நிறையும். மகள் அந்த இடத்தில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இவரையா சேர்த்துக்கணும்?” என்றாள். சேர்த்துக்கொண்டாள், ஆனால் ஒரு சண்டைக்கும் அவரை அழைத்துப் போகவில்லை.

அப்பா டியோவுக்கு மட்டும் அந்தச் சாக்கு இல்லை. யாரும் அவரை ஆட்டி வைக்கவில்லை. தான் பணிந்த பேரரசருக்கு விசுவாசமாக இருப்பது அவருடைய முடிவு. முதலில் அவருடைய கவசக் குதிரைப்படை கலகப்படையை நொறுக்கிவிடும். ஓடித் தப்பித்து, தீ ஈட்டிகள் செய்து கொண்டு வந்து, குதிரைப்படையை முறியடித்த பிறகு, அப்பாவும் மகனும் தனித்து மோதுவார்கள். இந்தத் தனிச்சண்டை நம் ‘வான் டூ சோம்’ மாதிரிதான். தாக்கு, தற்காத்துக்கொள், வெறித்தாக்கு என்று மூன்று கட்டளைகள், ஒன்றை இன்னொன்று வெல்லும். எதிராளி பேசுவதை வைத்து அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்க வேண்டும். அதாவது, அப்பா சொல்வதைக் கவனமாகக் கேட்டால்தான் அவரை வீழ்த்த முடியும். வீழ்த்தினால் செத்துப்போவார், மகனைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டே.

அண்ணன் அந்தக் கட்டத்துக்கு வந்த மாதம் எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எஸ்.பி.எம். முடிந்திருந்தது. ஆறாம் படிவம் படி என்றார் அப்பா. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றார் அண்ணன். அப்பா லாரி ஓட்டியவர். தன் மகன் கைநீட்டிச் சம்பளம் வாங்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அன்று இரவு அண்ணன் டியோவை வென்றார். அந்தப் பேச்சு முழுவதையும் படித்தார். பிறகு சேவ் பண்ணாமலேயே விளையாட்டை அடைத்துவிட்டார். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து அதே சண்டை, இந்த முறை சேவ் பண்ணினார். இரண்டு மாதம் கழித்து ஜோகூர் பாருவுக்கு பஸ் ஏறினார். அவருடைய பையில் மெமரி கார்டும் போய்விட்டது. வேண்டுமென்று எடுத்துப் போனாரா, மறந்து எடுத்துப் போனாரா என்று இன்றுவரை சொல்வதில்லை.

இரண்டாம் பாகம் என் கைக்கு வந்தது 2000இல். தனியாக ஆடினேன்.

கதை மூன்று ஆண்டு தள்ளி, வடக்கே வேறு நாட்டில் நடக்கிறது. ஹைலண்ட் என்ற அரசுக்கும், அண்டையில் இருக்கும் நகர அரசுகளின் கூட்டணிக்கும் அப்போதுதான் சமாதானம் ஆகியிருக்கும். நாயகனும் அவன் நண்பன் ஜோவியும் ஹைலண்டின் இளைஞர் படையில் இருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும் முந்தின இரவு முகாம் தாக்கப்படும். தாக்கியது எதிரி இல்லை, சொந்த இளவரசன் லூகா பிளைட். சமாதானத்தை உடைக்கக் காரணம் வேண்டும் என்பதற்காகத் தன் நாட்டுப் பிள்ளைகளையே கொன்றுவிட்டுப் பழியை எதிரி மேல் போடுகிறான். இரண்டு பையன்களும் அருவியில் குதித்துத் தப்பிக்கிறார்கள். குதிக்கும் முன் பாறையில் கத்தியால் கீறி ஓர் அடையாளம் வைக்கிறார்கள். பிரிந்துவிட்டால் இங்கே வந்து சந்திப்போம் என்று வாக்கு.

அப்புறம் இருவருக்கும் ஒரே முத்திரையின் இரண்டு பாதிகள் கிடைக்கின்றன. ஒருவனுக்கு கேடயம், ஒருவனுக்கு வாள். நாயகன் நகரக் கூட்டணியின் தலைவனாகிறான். ஜோவி எதிரிப் படையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, ஹைலண்டின் இளவரசியை மணந்து, அரசனாகிறான். ஏன்? லூகாவின் படை எரித்த ஊரில் பெற்றோரை இழந்து, பிறகு பேச்சும் நின்றுபோன பிலிகா என்ற சிறுமியை அவன் தூக்கி வளர்க்கிறான். சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் இந்தக் குட்டி அரசுகளை ஒரே பலமான அரசாக்கினால்தான் அவளைப் போன்ற பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று நினைக்கிறான். நாயகனும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எதிர்ப்பக்கம் நிற்கிறான்.

நான் இரண்டாம் பாகத்தின் கட்சியில் சேர்ந்த இடம் இதுதான். இங்கே யார் கையிலும் கட்டுப்படுத்தும் முத்திரை இல்லை. ஜோவியை எந்த விண்டியும் ஆட்டி வைக்கவில்லை. லூகாகூட மந்திரத்தால் கெட்டவன் இல்லை. சிறு வயதில் அவன் அம்மாவுக்கு நேர்ந்த கொடுமையும், அன்று ஓடிப்போன அப்பாவும் அவனை அப்படி ஆக்கியிருக்கிறார்கள். காரணம் தெரிகிறது என்பதற்காக மன்னிக்கவும் முடியவில்லை. முதல் பாகத்தில் டியோவின் அத்தியாயம் ஒன்றில் மட்டும் இருந்த கனம், இரண்டாம் பாகத்தில் ஆரம்பம் முதல் கடைசி வரை இருக்கிறது. அந்த ஓர் அத்தியாயத்தை எடுத்து, அதையே முழுக் கதையாக விரித்துவிட்டார் முராயாமா என்றுதான் எனக்குப் படுகிறது.

லூகாவைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உயிருக்குக் கெஞ்சும் ஒரு கிராமத்துப் பெண்ணைப் பன்றி மாதிரி கத்தச் சொல்லிவிட்டு வெட்டும் காட்சி ஒன்று உண்டு. சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன பொம்மைகள்தான், இரத்தம் தெறிக்காது, ஆனாலும் வயிற்றைப் பிசையும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன். அந்த லூகாவை வீழ்த்த ஆறு ஆறு பேராக மூன்று குழுக்கள் தேவைப்படும், அதற்குப் பிறகும் தனிச்சண்டை ஒன்று. இவ்வளவு பெரிய வில்லனைக் கதையின் நடுவிலேயே முடித்துவிடுகிறார்கள். அப்பாடா என்று மூச்சுவிட்டால், அடுத்து எதிரே வந்து நிற்பது ஜோவி.

விளையாட்டாகப் பார்த்தாலும் இரண்டாவது நன்றாக வளர்ந்திருக்கிறது. முதலாவதில் ஒவ்வொருவர் சாமான் மூட்டையையும் தனித்தனியாகத் திறந்து மருந்து தேட வேண்டும். இரண்டாவதில் பொதுப் பை வந்தது. ஒருவருக்கு ஒரு முத்திரை என்றிருந்தது மூன்று வரை ஆனது. கோட்டையில் தோட்டம் போடலாம், ஹை யோ என்ற சமையல்காரரோடு சேர்ந்து சமையல் போட்டியில் நிற்கலாம், ரிச்மண்ட் என்ற துப்பறிவாளருக்குக் காசு கொடுத்துச் சொந்த ஆள்களின் இரகசியத்தையே விசாரிக்கலாம். மிகி ஹிகாஷினோவின் இசை இரண்டிலும் உண்டு, இரண்டாவதில் இன்னும் நன்றாக இருக்கும்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. பெரும்படைப் போர்களை இரண்டாம் பாகத்தில் கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்துவது போல மாற்றினார்கள். பார்க்க அழகு, ஆனால் பல போர்களில் நாம் என்ன செய்தாலும் கதை தன் போக்கில் முடிவை எழுதிவிடும். முதல் பாகத்தின் எளிய போர்கள் இதைவிட உயிரோட்டமானவை என்று அண்ணன் சொன்னால் எனக்குப் பதில் இல்லை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் அவசரச் சமையல்தான். நடுவில் கதை கொஞ்சம் இழுக்கும். முதல் பாகம் இருபது மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரு கொசுறுகூட இருக்காது. இரண்டாவது அதைப்போல இரண்டு மடங்கு ஓடும்.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு பாலம் உண்டு. முதல் பாகத்தை முடித்து வைத்த மெமரி கார்டு இருந்தால், அதை இரண்டாம் பாகத்துக்குள் ஏற்றலாம். முதல் கதையின் முடிவில் இடிந்து விழும் அரண்மனையில் காணாமல்போன விக்டரும் ஃப்ளிக்கும் எப்படியும் வந்துவிடுவார்கள், அது எல்லாருக்கும் கிடைக்கும். ஆனால் பழைய நாயகன் வர வேண்டுமென்றால் கார்டு வேண்டும். அப்போதுதான் பானர் என்ற எல்லைக் கிராமத்தில் அவன் மீன் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க முடியும். போரில் வென்றவன், நாட்டை ஆளச் சொல்லியும் மாட்டேன் என்று கிளம்பிப் போனவன். கையில் இன்னும் அந்தச் சாபம். புது நாயகனுக்கு என்ன நேரக்கூடும் என்பதற்கு அவனே கண்முன் நிற்கும் சாட்சி.

எனக்கு 2000இல் அந்தக் கிராமத்தில் யாரும் இல்லை. கார்டு சிங்கப்பூரில் இருந்தது. நான் ஃபோன் பண்ணிக் கேட்டேன். தபாலில் அனுப்புகிறேன் என்றார் அண்ணன். அனுப்பவில்லை. பெரிய ஏமாற்றம்தான், ஆனால் பதினாலு வயதில் அதற்காக ஒருவர்மேல் எவ்வளவு கோபப்பட முடியுமோ, அதைவிட அதிகமாகவே கோபப்பட்டேன். அப்பா 2009இல் தவறினார். அண்ணன் அந்த வாரம் முழுக்க எங்களோடு இருந்தார். விளையாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்த ஆண்டு மட்டும்தான் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

முராயாமாவும் இப்போது இல்லை. 2002இல் கொனாமியை விட்டு வெளியேறியவர், பல ஆண்டுகள் கழித்துப் பழைய தோழர்கள் சிலரோடு சேர்ந்து ‘ஐயுடென் குரோனிக்கிள்’ என்ற புது விளையாட்டைச் செய்தார். அது 2024 ஏப்ரலில் வந்தது. அவர் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே, 55 வயதில், இறந்துவிட்டார். தான் செய்ததை மக்கள் ஆடுவதைப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் இரண்டாம் பாகத்தின் அசல் ஆங்கில வட்டுக்கு 100 அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இன்று இரண்டும் ஒரே விலையில் கிடைக்கின்றன, இரட்டை வேகத்தில் சண்டையை ஓட்டும் வசதியோடு.

மகள் முதல் பாகத்தை 108 பேரோடு முடித்தாள். அந்தத் தரவை இரண்டாம் பாகத்துக்குள் ஏற்றினாள். பானர் கிராமத்துக்குப் போனபோது பழைய நாயகன் அங்கே தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் முதல்முறையாகப் பார்த்தேன். “என்னப்பா, கண்ணுல தூசியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கடைசி நாள் இரவு அண்ணனை வீடியோவில் அழைத்தோம். வழக்கு முடியப் போகிறது, தீர்ப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டேன். போர் முடிந்திருந்தது. ஹைலண்டின் தலைநகர் விழுந்திருந்தது. ஜோவி அங்கே இல்லை.

“பெரியப்பா, நீங்க முடிச்சப்போ இங்க என்ன பண்ணீங்க?” என்று மகள் கேட்டாள்.

திரையில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ரெண்டாவத முடிச்சதே இல்லம்மா,” என்றார். “பாதியில விட்டுட்டேன். அந்த ஜோவி பய அந்தப் பக்கம் போனதும் ஆட மனசு வரல.”

25 ஆண்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் எதிர்க்கட்சி வக்கீல் வழக்கையே முழுதாகப் படிக்காமல் வாதாடியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “அண்ணே, என்னண்ணே நீ!” என்றேன். அவர் பேச்சை மாற்றினார். “சரி சரி, அவ ஆடட்டும். நான் பாக்கிறேன்.”

மகள் கோட்டைக்குத் திரும்பவில்லை. யாரும் சொல்லாமலே மலைக்கணவாய்க்குப் போனாள், அருவிக்கு மேலே அந்தப் பாறை இருக்கும் இடத்துக்கு. ஜோவி அங்கே காத்திருந்தான். முத்திரை அவன் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது, நிற்கவே முடியவில்லை. ஆனாலும் சண்டை போடு என்றான். திரையில் அதே மூன்று கட்டளைகள் வந்தன. டியோவின் முன்னால் வந்த அதே மூன்று. தாக்கு, தற்காத்துக்கொள், வெறித்தாக்கு.

“எதை அழுத்தணும் அப்பா?”

எனக்குத் தெரியும். பதினாலு வயதில் தப்பாக அழுத்திவிட்டு, மறுபடி பத்து மணி நேரம் பின்னால் போய் ஆடியவன் நான். வாயைத் திறந்தேன்.

“டேய், சொல்லாத,” என்றது சிங்கப்பூரிலிருந்து வந்த குரல். அண்ணன் ஃபோனைக் கிட்டக் கொண்டு வந்திருந்தார். முகம் முழுத் திரையும் நிறைந்திருந்தது. “அவ என்ன பண்றான்னு பாப்போம்.”

மகள் வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை. ஜோவி சொன்னதை இன்னொரு தடவை படித்தாள். பிறகு ரிமோட்டை எடுத்தாள்.